கதவைக் கழற்றிய மிஸ்

எங்கள் தெருவுக்கு வந்த அன்று அந்தப் பெண் செய்த முதல் வேலை, கதவைக் கழற்றியதுதான்.

கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்த சமயம். பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் பாடம் சொல்ல ஆள் வருகிறது, கூடவே டேப்லெட் வருகிறது என்று ஒரே பேச்சு. சிலேட்டு மாதிரி இருக்கும், விரலால் தொட்டால் படம் ஓடும் என்று என் மருமகள் சொன்னாள். அதைப் பார்க்கத்தான் நாங்கள் பொம்பளைகள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றோம். வந்தவள் டேப்லெட்டையும் எடுக்கவில்லை, ஒன்றையும் எடுக்கவில்லை. ஒரு ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்து, பாடத்துக்கென்று கொடுத்த கொட்டகையில் நன்றாக இருந்த கதவை நிலையிலிருந்து கழற்றச் சொன்னாள்.

ஆசாரிக்கே மனசு வரவில்லை. "யம்மா, கதவுல ஒரு கொறையும் இல்லம்மா. நல்ல மரம்."

"கொறை இல்லண்ணே. ஆனா வேணாம்."

"ராத்திரிக்கு நாய் பூந்துடும்மா."

"பூந்துட்டுப் போவட்டும். நாய்க்கும் ஒரு எடம் வேணாமா?"

கழற்றிய கதவைச் சூளையில் கழித்துப்போட்ட செங்கல்லை அடுக்கி அதன்மேல் படுக்கப் போட்டாள். அதுதான் பிள்ளைகளுக்கு மேசை. சுற்றி உட்கார்ந்தால் எல்லாருக்கும் இடம் இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் எழுதப் பழகியது கதவின்மேல்தான் என்று நான் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பேன்.

நான் படிக்காதவள். இதெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி யாழினி டைப் அடிக்கிறாள். "ஆயா, வேகமா பேசாத" என்கிறாள். நான் என்ன செய்வேன், என் வாய் அப்படி.

அந்தப் பெண்ணின் பேர் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் நாங்கள் மிஸ் என்றே சொல்லுவோம், அப்படியே இருக்கட்டும். அவளைச் சம்பளம் கொடுத்து அனுப்பியது ஒரு டிரஸ்ட். டேப்லெட் கொடுத்தது மெட்ராஸில் இருக்கிற ஏதோ ஒரு கம்பெனி. இடம் கொடுத்தது எங்கள் தெருப் பெரியவர். மூன்று பேர் கை சேர்ந்து நடந்த தர்மம் அது. ஒரு கை விலகினாலும் அவ்வளவுதான்.

பெரியவர் ஒரு காலத்தில் செராமிக் யூனிட் வைத்திருந்தவர். கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் சாமான் அவரிடமிருந்துதான் லாரி லாரியாகப் போகும். இப்போது ஷெட்டுகளை வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு ஆபீஸ் ரூமில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஆபீஸுக்கு எதிரே, சாமானை வைக்கோல் சுற்றிக் கட்டுகிற கொட்டகை சும்மா கிடந்தது. அதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். காசு கேட்கவில்லை. கொட்டகைக்குக் கதவு இல்லாமல் போனதும், ராத்திரியில் டேப்லெட்டுகளைத் தன் பீரோவிலேயே வைத்துப் பூட்டிக்கொள்ளவும் சம்மதித்தார். அப்படிப்பட்ட மனுஷர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

கொட்டகைக்குப் பக்கத்திலேயே மண் அரைக்கிற மில். பெரிய இரும்பு உருளை, உள்ளே மண்ணும் கூழாங்கல்லும் தண்ணீரும். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரைக்கும் கடகடவென்று உருண்டுகொண்டே இருக்கும். அதனால் எங்கள் தெருவில் யாரும் மெல்லப் பேச மாட்டோம். மருமகளைப் பெண் கேட்டுப் போனபோது, இவர்கள் சண்டைக்காரக் குடும்பம் போல என்று அவள் அப்பா பயந்துபோனார். அது வேறு கதை.

மிஸ்ஸைச் சொல்ல வந்தேன். அவளுக்கு ஒரே ஒரு குணம்தான். பிள்ளைகள் இருக்கிற இடம் நாலு பேர் கண்ணில் பட வேண்டும். டேப்லெட் பார்க்கிற பிள்ளைகளை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைப்பாள். ஏன் தெரியுமா? திரை தெருவுக்குத் தெரிய வேண்டுமாம். பீடி வாங்கப் போகிறவன்கூட எட்டிப்பார்த்து, "டேய், அது பாடமாடா? கார் ஓட்டிக்கிட்டு கெடக்குற?" என்று அதட்டிவிட்டுப் போவான். அவனுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பாடத்துக்கும் காருக்கும் வித்தியாசம் தெரியுமல்லவா. சம்பளம் இல்லாத வாட்ச்மேனாகத் தெருவே மாறிப்போனது.

டிரஸ்ட்டிலிருந்து போன் வந்தால்கூட ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். ஒருமுறை மழையில் ஒரு டேப்லெட் நனைந்துவிட்டது. என் மருமகள் பக்கத்து யூனிட்டில் பீங்கான் பொம்மைக்குப் பிசிறு சீவுகிறவள். ஈரமான சாமானை என்ன செய்வார்கள்? சூளைக்கு மேலே பலகையில் அடுக்கிக் காய வைப்பார்கள். இவளும் நல்ல எண்ணத்தில் டேப்லெட்டைக் கொண்டுபோய் பொம்மைகளோடு பொம்மையாக அடுக்கிவிட்டு வந்துவிட்டாள். காலையில் பார்த்தால் பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது. ஊரை விட்டே ஓடிவிடலாமா என்று அழுதாள். மிஸ் அதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் யாரும் தொடாதீர்கள் என்று ஒரு மணல் வாளியில் போட்டுத் தூரமாக வைத்துவிட்டு, எங்கள் எல்லார் முன்னாலும் டிரஸ்ட் சாருக்குப் போன் போட்டாள்.

"சார், ஒரு டேப்லெட்டு சூளை மேல வெந்துபோச்சு."

"எது மேல?"

"சூளை சார். காய வெச்சோம்."

"யாரு வெச்சது?"

"நாங்கதான் சார்."

மருமகள் பேரை அவள் சொல்லவே இல்லை. இவ்வளவு வெளிச்சமாக இருப்பவள், தன்னைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டாள். எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, கூடப் பிறந்தவர்கள் யார், ஒன்றும் தெரியாது. வீட்டுப் போன் வந்தால் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். எனக்கோ அடுத்தவர் கதை தெரியாவிட்டால் சோறு இறங்காது. ஒருநாள் டீ கொடுத்துக்கொண்டே நைசாகக் கேட்டேன்.

"ஏன் கண்ணு, கதவுன்னாலே உனக்கு ஆவ மாட்டேங்குதே. சின்ன வயசுல ஏதாச்சும்..."

அவள் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "டீ நல்லா இருக்குது ஆயா. இஞ்சி தட்டிப் போட்டீங்களா?" என்றாள். அதோடு சரி.

இன்னொரு நாள், சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். நல்ல மழை. எதிர் டீக்கடைப் பெஞ்சில், ஆம்பளைகளுக்கு நடுவில், மிஸ்ஸும் என் பேத்தியும் ஒரு குடைக்குள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மருமகள் வேலை முடிந்து வர நேரமாகிவிட்டதாம், மற்ற பிள்ளைகள் போய்விட்டார்களாம். இரண்டு பேருக்கும் பாதி உடம்பு நனைந்திருக்கிறது.

"ஏன்டியம்மா, கொட்டாய்க்குள்ள இருந்தா என்னா? வயசுப் பொண்ணு டீக்கடை பெஞ்சில வந்து உக்காருவியா?"

"நானும் பாப்பாவும் மட்டும் தனியா உள்ள இருக்கக் கூடாது ஆயா."

"அங்கதான் கதவே இல்லியே! நீயும் பொம்பளதானே?"

"மழையில தெருவுல யாரு இருக்காங்க பாக்கறதுக்கு? ரூலு எனக்கும்தான் ஆயா."

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. பைத்தியக்காரப் பொண்ணு என்று மருமகளிடம் சொன்னேன். இந்தப் பைத்தியம் என் பேத்தி விஷயத்திலேயே வந்து முட்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பெரியவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஆபரேஷன் செய்தும் பிரயோஜனமில்லை. வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் வெளிநாட்டில். காலையில் வருகிற பேப்பரைச் சாயங்காலம்வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளில் யாழினிதான் நன்றாகப் படிக்கிறாள் என்று தெரிந்து, தினமும் பாடம் முடிந்ததும் கூப்பிட்டுப் பேப்பர் படிக்கச் சொன்னார். அப்போது அவள் அஞ்சாவது. மில் சத்தமும் மண் தூளும் வராமல் இருக்கக் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுவிடுவார். பீங்கான் ஜாடியில் பிஸ்கட். இவள் தப்பாகப் படிக்க, அவர் திருத்த, ஒரே சிரிப்பாக இருக்கும். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நான் ஒரு எழுத்து அறியாதவள், என் பேத்தி பெரியவருக்கே பேப்பர் படிக்கிறாள்!

மிஸ்ஸுக்கு அது தெரியவந்த அன்றே ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஐயா, பாப்பாவ வெளியில வெச்சுப் படிக்கச் சொல்லுங்க."

"வெளியில மில்லு சத்தம்மா. என்னா கேக்கும்?"

"அப்ப கதவத் தொறந்து வையுங்க. மூணு நாலு பேரா அனுப்புறேங்க."

"எதுக்கு?"

"சாத்துன ரூமுல ஒரு புள்ளையும் ஒரு பெரியவங்களும் தனியா இருக்கக் கூடாதுங்க."

பெரியவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "என்னையா சொல்லுற?"

"யாரா இருந்தாலும்ங்க. நானா இருந்தாலும். இல்லன்னா டேப்லெட்டே பேப்பர படிச்சுக் காட்டும்ங்க, எப்படின்னு நான் சொல்லித்தரேன்."

"எனக்குப் படிக்கிற மெஷினு வேணாம். தப்பாப் படிக்கிற புள்ளதான் வேணும்" என்றார். அப்புறம் குரல் எழும்பியது. "இந்த மாசத்தோட எடத்தக் காலி பண்ணு. பீரோவும் கெடையாது."

தெருவே மிஸ்மேல் பாய்ந்தது. நான்தான் முதலில் பாய்ந்தேன். சோறு போட்ட கையைக் கடித்தது போல இருந்தது எனக்கு. டேப்லெட் போய்விட்டால் பிள்ளைகள் மறுபடி புழுதியில்தானே கிடக்கும்? பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, அவ என்னைச் சந்தேகப்படுறாளா? அத மட்டும் கேட்டுட்டு வா" என்றார். இருக்கிற அத்தனை வயசும் அவர் குரலில் இருந்தது. போய்க் கேட்டேன்.

"இல்ல ஆயா" என்றாள்.

"அப்ப வுடேன். ஐயா நல்லவருன்னு ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். நல்லவருக்கு நாலு பேரு பாக்க உக்காந்து கேக்குறதுல என்னா கஷ்டம்?"

இதை நான் போய் எப்படிச் சொல்வேன்? சந்தேகம் இல்லையாம் என்று மட்டும் சொன்னேன். "இல்லாதவ எதுக்கு வந்து சொன்னா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் டிரஸ்ட் சார் போன். வழக்கம்போல ஸ்பீக்கர். நாங்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறோம்.

"என்னம்மா செஞ்சு வெச்சிருக்கீங்க? கம்பெனிக்காரங்க பாக்க வர்றாங்க. எடமே இல்லன்னா டேப்லெட்ட எல்லாம் வேற ஊருக்கு மாத்திடுவாங்க."

"தெரியும் சார்."

"அவரு வயசானவரும்மா. நல்ல மனுஷன். அவருக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்."

"அவருக்கு வுட்டா, அடுத்தாப்புல வர்றவர எந்த வாயால சார் நிறுத்துறது? வர்றவங்க எல்லாருமே நல்ல மனுஷங்கன்னுதான் சார் வர்றாங்க."

"எடம் கெடைக்கலன்னா பொறுப்பு உங்களுதும்மா" என்று வைத்துவிட்டார். மிஸ் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி, ஏழாம் வாய்ப்பாடு" என்று பிள்ளைகளிடம் திரும்பினாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் எட்டாம் வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டாள், பிள்ளைகள்தான் திருத்தினார்கள். அன்றைக்குத்தான் என் கோபம் பாதி போனது.

மீதிப் பாதியைப் போக்கினவள் யாழினி. யாழினிக்குத் தாத்தாவும் வேண்டும், மிஸ்ஸும் வேண்டும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பாடம் முடிந்ததும் நேராக ஆபீஸ் வாசலுக்குப் போனாள். எடுக்க ஆளில்லாமல் படிக்கட்டிலேயே கிடந்த பேப்பரை எடுத்தாள். கதவைத் தட்டித் திறந்து, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, வெளியே நின்றே படிக்க ஆரம்பித்தாள்.

"உள்ள வா" என்று பெரியவர் கூப்பிடுகிறார்.

"வர மாட்டேன் தாத்தா. நீங்க வாங்க."

"ஒண்ணும் கேக்கல!"

"அப்ப சத்தமா படிக்கிறேன்!"

மில்லை மிஞ்சிக் கத்தினாள் பாருங்கள், பக்கத்து யூனிட்வரைக்கும் கேட்டது. எங்கேயோ லாரி கவிழ்ந்தது, எங்கேயோ மழை என்று ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டே வந்தவள், தங்கம் விலைக்கு வந்ததும் ஒரு சைபரை முழுங்கிவிட்டாள். அடுத்த நிமிஷம் பொம்மை சீவிக்கொண்டிருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் கையில் கத்தியோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

"எந்தக் கடையிலடி?"

"இன்னைக்கு மட்டுமா, நாளைக்கும் உண்டா?"

"எம்மா, எம் பொண்ணு காதுக்கு..."

பெரியவருக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி, வாசலுக்கு வந்துவிட்டார். "அறிவுகெட்டவளுங்களா, போங்கடி உள்ள! அது கொறையல. இவ ஒரு சைபர முழுங்கிட்டா. எங்க, மறுபடி படி. மெதுவா. ஒவ்வொரு நம்பரா."

அவள் மறுபடி படித்தாள். அவர் நாற்காலியை வாசலிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். கொட்டகை வாசலில் நின்றுகொண்டு மிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். நீதான் அனுப்பினாயா என்று கேட்டேன், இல்லை என்றாள். அப்புறம் கொஞ்சம் முன்னே போய், "ஐயா, நாற்காலிய நெழல்ல போட்டுக்கங்க, வெயில் அடிக்குது" என்றாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார்.

காலி பண்ணச் சொன்னதைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. பீரோ சாவியை அவரே யாழினி கையில் கொடுத்தனுப்பினார். கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள், டேப்லெட் தங்கிவிட்டது. பேப்பர் படிப்பதும் தங்கிவிட்டது. தினம் ஒரு பிள்ளை நின்று கத்தும், அவர் திருத்துவார், பிஸ்கட் ஜாடி நாற்காலிக்குக் கீழே. இப்போது உலகத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதது இல்லை. எந்த மந்திரி எந்தக் கட்சிக்குப் போனார் என்று கேளுங்கள், சொல்கிறேன். ரேஷன் கடையில் என்னோடு பேச்சில் யாரும் ஜெயிக்க முடியாது.

பெரியவர் மட்டும் மிஸ்ஸோடு பேசவே இல்லை. நிழல், வெயில், சாவி, அவ்வளவுதான். அன்றைக்கு அவள் சொன்ன வார்த்தை அவருக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. என்னிடம் எப்போதாவது, "அவ மனசுல என்னா நெனச்சாளோ, யாருக்குத் தெரியும்" என்பார். எனக்கும் தெரியாது. சந்தேகம் இல்லை என்று வாயால் சொன்னாள். மனசுக்குள் யார் போய்ப் பார்த்தது?

அப்படியே நாள் ஓட, டிரஸ்ட் அவளைத் திட்டக்குடிப் பக்கம் மாற்றிவிட்டது. கடைசி நாள் பிள்ளைகள் ஒரே அழுகை. பெரியவர் ஒரு புடவை வாங்கி வைத்திருந்தார். டீக்கடைக்காரரிடம் ஆபீஸுக்கு இரண்டு டீ சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "அவள வரச் சொல்லு. உள்ள கூப்புடல, வாசல்லயே குடுத்துடுறேன்" என்றார்.

அவள் வந்து வாசலில் நின்றாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து புடவையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"உள்ள உக்காந்து வாங்கிக்கலாம்ங்களா?" என்றாள்.

"உள்ளயா?" அவருக்குப் புரியவில்லை. "உனக்குத்தான் அது..."

"அந்த ரூலு புள்ளைங்களுக்குங்க. எனக்கு முப்பது வயசாவுது."

பெரியவர் முன்னால் போனார். அவள் பின்னால் போனாள். டீக்கடைக்காரர் இரண்டு டம்ளரையும் மேசையில் வைத்துவிட்டு வந்தார். நான் எப்படியாவது கேட்டுவிடலாம் என்று படிக்கட்டில் ஏறிக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"மில்லு சத்தம் ஜாஸ்தியா இருக்குதுங்க ஐயா" என்றாள் மிஸ். எழுந்து வந்தாள், முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லைக் காலால் தள்ளினாள், என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள், கதவைத் தன் கையாலேயே சாத்தினாள்.

ரொம்ப நேரம் பேசினார்கள். ஏசி ஓடுகிற சத்தமும் மில் சத்தமும் தவிர எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.